பழைய கேம் மெஷின் ஓடவில்லையா? சுவர் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

பினாங்கில் பழைய கேம் மெஷின் சேர்க்கிறவர்களில் பலருக்கு முதல் மெஷின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில்தான் கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் அத்தை வீட்டு ஸ்டோர் ரூமில், தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது. விற்கிறவரிடம் "ஓடுமா?" என்று கேட்டால், "வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க" என்பார். அப்படிப் போட்டுப் பார்த்ததிலேயே உயிர்விட்ட மெஷின்கள் எத்தனையோ. நாற்பது வருஷம் தாங்கிய பொருள், ஒரு சுவிட்சைத் தட்டியதில் போய்விடும்.

இங்கே கைமாறும் மெஷின்களில் ஜப்பானிலிருந்து வந்தவை நிறைய. அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230, 240. அது முதல் ஆபத்து. இரண்டாவது, வருஷம் முழுக்க விடாத ஈரம்; தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். மூன்றாவது, எறும்பும் பல்லியும். குளிர்நாட்டில் இருக்கிறவர்கள் எழுதிய வழிகாட்டிகள் இந்த மூன்றையும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதனால் நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் போவேன். சுவர், பிளக், அடாப்டர், மெஷினின் மின்வாசல் (அடாப்டர் முனை சொருகும் இடம்), உள்ளே ரெகுலேட்டர் (வோல்ட்டைக் குறைத்துச் சீராக்கும் பாகம்), கேசட்டின் தொடுமுனைகள், டிவி. சிப் கடைசி. "செத்துப்போச்சு" என்று என் மேசைக்கு வந்தவற்றில் சிப் வரைக்கும் போக வேண்டியிருந்தவை மிகக் குறைவு. பழுது வெளியில் இருக்கும்போதே மெஷினைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். புதிதாக யாரும் இவற்றைச் செய்யப் போவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காட்டன் பட், நல்ல டார்ச், சால்டரிங் அயன். நின்டெண்டோ சாதனங்களுக்கு 3.8 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் தனி ஸ்குரூ முனைகள் இரண்டும் வேண்டும். சின்னது கேசட்டுக்கு, பெரியது மெஷினுக்கு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் பசார் இருக்கிறது, மின்தேக்கி (கெபாசிட்டர்) முதல் ரெகுலேட்டர் வரை அங்கேயே நடந்து வாங்கலாம்.

## இன்னும் சொருகவே இல்லை

நல்லது, அப்படியே நிறுத்துங்கள். மெஷினைத் திருப்பி அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். "ஏசி 100 வோல்ட்" என்று இருந்தால் நம் சுவரில் நேராகப் போடக் கூடாது. மின்சப்ளை உள்ளேயே இருக்கும் ஜப்பான் சேகா சாட்டர்ன், ஜப்பான் பிளேஸ்டேஷன் இரண்டும் இந்த வகை. பிளக்கின் வடிவத்தை மாற்றும் டிராவல் அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. 240-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இந்த மெஷின்கள் அதிகம் மின்சாரம் இழுப்பதில்லை, 100 வாட் டிரான்ஸ்ஃபார்மரே தாராளம்.

வெளி அடாப்டரில் ஓடும் மெஷின் என்றால் மூன்றைப் பாருங்கள்: எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா. மூன்றாவதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். இப்போது கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களுக்கு நடுமுனை பிளஸ். 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாமுக்கும் 1990-இன் சூப்பர் ஃபாமிகாமுக்கும் நடுமுனை மைனஸ், 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்ப். இரண்டுக்கும் ஒரே அடாப்டர் போதும். சேகாவின் முதல் மாடல் மெகா டிரைவுக்கும் நடுமுனை மைனஸ்தான். ஆனால் மெகா டிரைவ் 2-க்கு நடுமுனை பிளஸ், சொருகும் முனையின் அளவும் வேறு. ஒரே கம்பெனி, ஒரே பெயர், எதிரெதிர் முனை.

எல்லாவற்றிலும் மோசமான கலப்பு ஒன்று உண்டு. ஃபாமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ் மெஷினின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. அந்த மெஷினுக்குள்ளே ஏசியை டிசியாக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஃபாமிகாமில் அது இல்லை. முனை இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்தும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சொருகிய உடனே ஃபாமிகாமின் ரெகுலேட்டரும் மின்தேக்கியும் அடிவாங்கும். சந்தையில் மெஷினோடு சேர்த்து ஒரு அடாப்டரைச் சுற்றிக் கொடுத்தால், அது அந்த மெஷினுடையதுதான் என்று நம்பிவிடாதீர்கள். லேபிளைப் படியுங்கள், மீட்டரால் அளந்து பாருங்கள்.

## சுவிட்சைப் போட்டால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

முதலில் சுவர் பிளக்கைத் திறந்து பாருங்கள். நம் மூன்று முனை பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, பலருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. பழுப்பு நிறம் என்றால் 13 ஆம்ப், சிவப்பு என்றால் 3 ஆம்ப். கேம் மெஷினுக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் 3 ஆம்ப் போதும். 13 ஆம்ப் போட்டு வைத்தால் மெஷின் வெந்த பிறகுதான் ஃபியூஸ் எரியும்.

அடுத்து அடாப்டர். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து (ஏசி அடாப்டர் என்றால் ஏசியில்) அளங்கள். பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர், 10 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சும்மா அளந்தால் 13, 14 காட்டும். பயப்பட வேண்டாம், மெஷினோடு இணைந்து சுமை ஏறியதும் இறங்கிவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயரை முனைக்குப் பக்கத்தில் மெதுவாக வளைத்து வளைத்துப் பாருங்கள். உள்ளே அறுந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடாப்டர் நன்றாக இருக்கிறது, மெஷின் மட்டும் அசையவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி முதல் மாடல் மெகா டிரைவ் ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். "அண்ணே, மூணு அடாப்டர் மாத்திட்டேன். விளக்குகூட எரியல" என்றான். திறந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மின்வாசல் சர்க்யூட் பலகையோடு சேரும் இடத்தைக் காட்டினேன். ஒவ்வொரு காலையும் சுற்றிச் சால்டரில் முடி அளவுக்கு ஒரு வட்டக் கீறல். முனையைச் சொருகிச் சொருகி, இழுத்து இழுத்து வந்தது அது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது வைத்தோம், சிவப்பு விளக்கு எரிந்தது. மெகா டிரைவில் இது சர்வசாதாரணம்.

மின்வாசல் சரி என்றால் ரெகுலேட்டர். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் 7805 என்று எழுதிய மூன்று கால் கறுப்புத் துண்டு, அலுமினியத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே போகும் 5 வோல்ட். மீட்டரின் கறுப்பு வயரை நடுக்காலில் வைத்து, சிவப்பை முதலில் இடதுகாலில் வையுங்கள். அங்கே ஒன்பதோ பத்தோ வருகிறதா? வரவில்லை என்றால் பழுது அதற்கு முன்னால் இருக்கிறது, சுவிட்சிலோ ஃபியூஸிலோ. வருகிறது, ஆனால் வலதுகாலில் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் 7805 போய்விட்டது. அதற்குப் பிறகு எங்காவது ஷார்ட் இல்லையா என்று மட்டும் உறுதி செய்துவிட்டு மாற்றலாம், சில்லறை விலைதான். 4.8-க்கும் 5.2-க்கும் நடுவில் இருந்தால் நல்ல நிலை. முதல் மெகா டிரைவில் இரண்டு 7805 உண்டு, இரண்டையும் அளங்கள். ஒன்று மட்டும் போயிருந்தால் விளக்கு எரிந்தும் படம் வராமல் ஏமாற்றலாம்.

சூப்பர் ஃபாமிகாமில் மின்வாசலுக்குப் பக்கத்தில் எஃப்1 என்று குறித்த சின்ன ஃபியூஸ் இருக்கும், 1.5 ஆம்ப். யாரோ தப்பான அடாப்டர் போட்டிருந்தால் அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். அதே அளவு ஃபியூஸ்தான் வைக்க வேண்டும். வயரைப் போட்டு இணைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

ஜப்பான் சாட்டர்னையோ பிளேஸ்டேஷனையோ யாராவது 240-இல் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் நம்பிக்கை இழக்காதீர்கள். பல நேரங்களில் அடிவாங்குவது மின்சப்ளைப் பலகை மட்டும்தான், முதன்மைப் பலகை பிழைத்திருக்கும். ஆனால் அந்தச் சப்ளைப் பலகையை அனுபவம் இல்லாமல் தொடாதீர்கள். 240 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 340 வரை ஏறும். பிளக்கை எடுத்த பிறகும் பெரிய மின்தேக்கி அதைப் பிடித்து வைத்திருக்கும். மாற்றுச் சப்ளை வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

## நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று புகை

ஆப்பிள் டூ, பிபிசி மைக்ரோ மாதிரி 1980-களின் கம்ப்யூட்டர்களில் இது நடக்கும். படபடவென்று ஒரு சத்தம், அப்புறம் அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் புகை. சில வீடுகளில் ஈஎல்சிபி-யும் (மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) தட்டிவிடும். சொந்தக்காரர் மெஷினே எரிந்துவிட்டது என்று நினைப்பார். பெரும்பாலும் எரிந்தது ஒரே ஒரு பாகம்தான்: மின்சப்ளையின் வாசலில் இருக்கும் ரிஃபா என்ற கம்பெனியின் காகித மின்தேக்கி.

இதைக் கண்ணாலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். பிளக்கைக் கழற்றி நன்றாக ஆறவிட்டு, சப்ளைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேன் நிறத்தில், பாதி ஒளி ஊடுருவும் சின்னச் செவ்வகப் பெட்டி. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மேல்தோலில் நுண்ணிய விரிசல்கள் வலை மாதிரித் தெரியும். அந்த விரிசல் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் காகிதத்தில் இறங்குகிறது. பல வருஷம் ஈரம் குடித்த காகிதத்துக்கு 240 வோல்ட் கொடுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? நம் ஊர்க் காற்றில் இது சீக்கிரமே நடக்கும். ஆகவே விரிசல் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள், புகைக்காகக் காத்திருக்க வேண்டாம். மாற்றும்போது எக்ஸ்2 என்று முத்திரை இட்ட பாதுகாப்பு மின்தேக்கிதான் வேண்டும், அதே மதிப்பு, 275 வோல்ட் ஏசி. சாதாரண மின்தேக்கி அந்த இடத்துக்கு ஆகாது. இது மின் இரைச்சலை வடிகட்ட மட்டும் இருக்கிற பாகம் என்பதால், வெடித்த பின்னும் மெஷின் பெரும்பாலும் ஓடும். கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

## விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

கேசட் மெஷின் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தொடுமுனைதான். கேசட்டைக் கழற்றி, காட்டன் பட்டை ஆல்கஹாலில் நனைத்து, தொடுமுனைகளை நீளவாக்கில் துடையுங்கள். பட் கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை புதிய பட் எடுத்துத் துடைத்துக்கொண்டே இருங்கள். அப்புறம் நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தக் கேசட்டைச் சுத்தமாக வைத்து ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கினால் மெஷின் பக்கத்து முனைகளும் கொஞ்சம் சுத்தமாகும்.

வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதான், ஊதியதும் வேலை செய்ததுதான். கேசட்டை எடுத்துத் திரும்பப் போட்டதில் முனை இடம் மாறியதால் அது வேலை செய்தது. எச்சில் ஈரம் முனையில் தங்கி, பச்சை பிடிக்கத்தான் உதவியது.

என்இஎஸ் மெஷினில் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை போல விட்டுவிட்டு எரிந்தால், மெஷின் கெட்டுப்போகவில்லை. கேசட்டில் ஒரு பூட்டுச் சிப், மெஷினில் ஒரு பூட்டுச் சிப். இரண்டும் பேசிக்கொள்ள முடியாவிட்டால் மெஷின் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். முனை அழுக்கு, அல்லது உள்ளே கேசட் சொருகும் 72 முனைச் சட்டம் தளர்ந்திருக்கிறது. ஃபாமிகாமிலும் அதைப் பார்த்துச் செய்த மைக்ரோ ஜீனியஸிலும் இந்தப் பூட்டே கிடையாது, அவற்றுக்கு 60 முனை.

கொமடோர் 64 வைத்திருக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 1982-இல் வந்த இந்தக் கம்ப்யூட்டரின் செங்கல் போன்ற அடாப்டர்தான் அதற்கு எமன். அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தருகிறது. உள்ளே ரெகுலேட்டரைப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள், சூடு வெளியேற வழியில்லை. கெடும்போது அது வோல்ட்டைக் குறைப்பதில்லை, கூட்டிவிடுகிறது. ஐந்துக்குப் பதிலாக ஆறோ ஏழோ போனால் மெமரி சிப்கள் வரிசையாகப் போகும். நீங்கள் பார்ப்பது கறுப்புத் திரை மட்டும். பழைய அடாப்டரை அளந்து 5.2-க்கு மேல் காட்டினால் கம்ப்யூட்டரில் சொருகவே வேண்டாம். சரியாகக் காட்டினால்கூட நான் சொருக மாட்டேன். சூடேறிய பிறகு என்ன தரும் என்று யாருக்குத் தெரியும்? இதற்கென்று புதிதாகச் செய்து விற்கும் சப்ளை வாங்குங்கள். மெஷினைவிடச் சப்ளைக்கு முதலில் காசு போடுங்கள் என்றுதான் கொமடோர் வாங்க வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

அந்தக் கறுப்புத் திரையில் சிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால், முதலில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்களை மின்சாரம் இல்லாத நேரத்தில் மெதுவாக எடுத்து, கால்களைத் துடைத்து, திரும்ப உட்கார வையுங்கள். ஈரத்தில் அந்தக் கால்களில் படலம் பிடித்திருக்கும். பிறகு ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு, மெமரி சிப்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அதன்மீது சந்தேகப்படலாம்.

பலகையைத் திறந்திருக்கும்போது சிப்பின் முதுகையும் படியுங்கள். 8743 என்று நான்கு இலக்கம் இருந்தால் 1987-ஆம் வருஷம் 43-ஆவது வாரம் என்று பொருள். எல்லாச் சிப்பும் 1987 ஆக இருக்க ஒன்று மட்டும் 1991 என்றால், யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள். அந்தச் சால்டரை முதலில் சோதியுங்கள். அப்படியே பார்த்தால் "மலேசியா" என்று பொறித்த சிப்பும் தட்டுப்படும். 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் தொடங்கியது. ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி எல்லாம் அந்தக் காலத்தில் பாயான் லெப்பாஸுக்கு வந்தவை. ஃபேக்டரி பஸ் ஏறிப் போன நம் அக்காக்களும் அம்மாக்களும் கைபட்ட சிப்பாகவும் அது இருக்கலாம். அதனாலேயே எனக்கு இவற்றைத் தூக்கிப் போட மனம் வருவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: நுண்ணிய சால்டர் வேலை தெரிந்த ஓய்வுபெற்ற அங்கிளோ ஆண்டியோ இந்தத் தீவில் தேடினால் கிடைப்பார்கள். போய்க் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

## டிவியில் படம் சிக்கவில்லை, கலர் வரவில்லை, உருளுகிறது

1983-இன் ஜப்பான் ஃபாமிகாமில் இருப்பது ஆன்டெனா வழி மட்டும். அது ஜப்பானின் ஒன்றாம் அல்லது இரண்டாம் சேனலில் அனுப்பும், அதாவது 91, 97 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நம் டிவிகளின் வழக்கமான சேனல் வரிசையில் அந்த இடம் கிடையாது, நம் ஊரில் அது எஃப்எம் ரேடியோ இருக்கும் பகுதி. சில டிவியில் கேபிள் அலைவரிசையைக் கையால் தேடிப் படத்தைப் பிடித்துவிடலாம், ஆனால் சத்தம் வராது. ஜப்பான் முறையில் ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது, நம் "பால்" என்ற டிவி முறையில் 5.5. ஆகவே படம் வந்து சத்தம் வராத ஃபாமிகாம் பழுதானதல்ல. ஏவி வெளியீடு (ஆன்டெனா இல்லாமல் படத்தையும் சத்தத்தையும் நேராக டிவிக்குத் தரும் வழி) எடுத்துக் கொடுக்கும் சின்ன மாற்றம்தான் இதற்கு வழி, உள்ளே ஒரு டிரான்சிஸ்டரும் சில பாகங்களும் போதும்.

கறுப்பு வெள்ளையாக வந்தால், மெஷின் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை), டிவி "பால்" முறை மட்டும் தெரிந்தது. கலர் தகவல் ஒன்றில் 3.58 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.43. படம் உருண்டால் டிவி 60 ஹெர்ட்ஸை ஏற்கவில்லை. டிவி மெனுவில் கலர் முறையை "ஆட்டோ" அல்லது "என்டிஎஸ்சி" ஆக்கிப் பாருங்கள். இங்கே விற்ற பிந்தைய டியூப் டிவிகள் பலவும் இரண்டையும் காட்டும்.

மெஷின் நன்றாக ஓடுகிறது, ஆனால் பாட்டு இழுக்கிறது, சோனிக் சோம்பலாக ஓடுகிறது என்றால் அதுவும் பழுதில்லை. 60 ஹெர்ட்ஸுக்கு எழுதிய கேமை 50 ஹெர்ட்ஸ் மெஷினில் ஓட்டுகிறீர்கள். ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்.

தட்டை டிவியில் கோடு கோடாகத் துடிப்பதற்குக் காரணம் வேறு. இந்த மெஷின்கள் அனுப்புவது 240 வரி முழுப்படம். பல புதிய டிவிகள் அதை 480 வரியின் பாதி என்று தப்பாக எடுத்துக்கொண்டு பின்னுகின்றன. மலிவான ஏவி-எச்டிஎம்ஐ டப்பாவும் இதைத்தான் செய்யும். பழைய கேமுக்கென்றே செய்த ஸ்கேலர் (படத்தைப் புதிய டிவிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வாங்குங்கள், அல்லது ஒரு டியூப் டிவியைக் காப்பாற்றி வையுங்கள்.

## கேம் பாயில் நெட்டுக்குத்தாகக் கோடு காணாமல் போயிருக்கிறது

1989-இன் முதல் கேம் பாயில் இது வழக்கம். திரையின் கீழ்ப்பக்கத்து ரிப்பன் ஒட்டு வெப்பத்தில் விட்டுப்போகிறது. முன்மூடியைத் திறந்து, திரையை ஆனில் வைத்து, ரிப்பன் ஒட்டிய விளிம்பில் குறைந்த சூட்டில் சால்டரிங் அயனை மெதுவாக இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அழுத்த வேண்டாம், ஒரே இடத்தில் நிற்கவும் வேண்டாம். படுக்கைக் கோடு போயிருந்தால் இந்த வைத்தியம் அவ்வளவு எளிதாகப் பலிக்காது.

## சத்தம் கம்மி, திரை மங்கல்

சேகாவின் கையடக்கக் கேம் கியர் என்றால் மேலே படிக்கத் தேவையில்லை, மின்தேக்கிகள் ஒழுகியிருக்கின்றன. ஒலிப் பலகையிலும் முதன்மைப் பலகையிலும் இருக்கிற சின்ன அலுமினிய மின்தேக்கிகள் அத்தனையும் மாற்ற வேண்டும். அயனை வைத்ததும் மீன் வாடை அடித்தால் ஒழுகல் உறுதி. கொமடோரின் அமிகா 600, 1200 கம்ப்யூட்டர் இரண்டிலும் இதே கதை. ஒழுகிய இடத்தை ஆல்கஹாலில் கழுவாமல் புதியது வைத்தால் தாமிரக் கோடு தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும்.

## சேவ் நிற்கவில்லை

கேசட்டின் உள்ளே ஒரு நாணய பேட்டரி இருக்கிறது. சூப்பர் ஃபாமிகாமில் பெரும்பாலும் சிஆர்2032. புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 2.5 பக்கம் வந்துவிட்டால் மாற்றுங்கள். பேட்டரியின் மேலேயே நேராகச் சால்டர் வைக்காதீர்கள், வெடிக்கும். தகடு ஒட்டி வரும் பேட்டரி வாங்குங்கள். பழையதை எடுத்ததும் சேவ் அழிந்துவிடும். சின்ன வயதில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆடிய கணக்கு உள்ளே இருந்தால், கேசட்டைப் படிக்கும் கருவியால் முதலில் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். கேம் பாயின் போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீரும். சாட்டர்ன் ஒவ்வொரு தடவையும் மொழியும் தேதியும் கேட்டால் பின்கதவுக்குள் இருக்கும் சிஆர்2032 தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

## டிஸ்க் படிக்கவில்லை

பிளேஸ்டேஷனில் முதலில் திணறுவது வீடியோக் காட்சிகள். முதல் வரிசை, எஸ்சிபிஎச்-1000 வகை மெஷின்களில் லேசர் ஓடும் சட்டம் பிளாஸ்டிக், தேய்ந்து சாய்ந்துவிடும். தலைகீழாக வைத்தால் ஓடுகிறது என்று சொல்வதெல்லாம் இதனால்தான். லேசரின் கண்ணாடியை ஆல்கஹாலில் துடையுங்கள், ஓடுபாதையில் இறுகிய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது தடவுங்கள். லேசர் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருகி ஆற்றலைக் கூட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். சோதனைக்கு எப்போதும் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் ஒரிஜினல் டிஸ்க் போடுங்கள். அது ஓடி, காப்பி டிஸ்க் ஏற்கும்படி மாற்றிய மெஷினிலும் காப்பி மட்டும் ஓடவில்லை என்றால் லேசர் களைத்திருக்கிறது. மற்றபடி மெஷின் நலம்.

டிஸ்கையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் உலோகப் பூச்சு அரித்துவிட்டது.

ஃப்ளாப்பியில் நம் ஊர்ப் பிரச்சினை பூஞ்சணம். உறையின் நீள்துளையில் வெள்ளைப் புள்ளியோ மங்கல் படலமோ தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. பூஞ்சணம் டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வருகிற நல்ல டிஸ்கையும் கீறும். டிஸ்கைக் கையால் சுற்றிச் சுற்றி, ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்டால் மென்மையாகத் துடைத்து, உலரவிட்டு, ஒரே தடவை படித்துக் காப்பி எடுத்துவிடுங்கள்.

1986-இன் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்றால் உள்ளே இருக்கும் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் ஆல்கஹாலில் வழித்துவிட்டுப் புதிய பெல்ட் போடலாம். பிறகு டிஸ்கைச் சுற்றும் தட்டின் நிலையையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். பொறுமை தேவைப்படும் வேலை.

## பலகையில் பச்சை, நீலப் படலம்

386, 486 என்ற பழைய கம்ப்யூட்டர் பலகைகளிலும் அமிகா 500 பிளஸ், 2000 மாடல்களிலும் கடிகாரத்துக்கென்று வைத்த பீப்பாய் பேட்டரி ஒழுகியிருக்கிறது. அது காரம், ஆகவே வெள்ளை வினிகரைக் காட்டன் பட்டால் தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு சுத்தமான தண்ணீர், அதன்பின் ஆல்கஹால், ஒரு நாள் முழுக்க உலர்த்தல். பேட்டரி இன்னும் ஒழுகாமல் இருந்தாலும் இன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள். தேதி தெரியாமல் கம்ப்யூட்டர் ஓடும். தாமிரக் கோடு இல்லாமல் ஓடாது.

## கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, அப்புறம் தானே சரியாகிறது

முதலில் எறும்பு. மூடியைத் திறந்தால் வெள்ளை முட்டைகளோடு ஒரு கூட்டமே இருக்கும், சில நேரம் காய்ந்த பல்லியும். தூரிகையால் நீக்கி ஆல்கஹாலில் கழுவுங்கள். உள்ளே பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அதன் எண்ணெய் முனைகளில் தங்கும்.

அதில்லை என்றால் சூடு. ரெகுலேட்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து பொடியாகியிருக்கும். சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவித் திருகை இறுக்குங்கள். பிறகு மெஷினை ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபேன் இருந்தால் ஓடுகிறது, அணைத்தால் நிற்கிறது என்றால் சூட்டில் விரியும் ஒரு சால்டர் இணைப்பு எங்கேயோ இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, மின்சப்ளைப் பக்கம் போகாமல், பென்சிலின் ரப்பர் முனையால் பலகையை இடம் இடமாக மெல்லத் தட்டுங்கள். எந்த இடத்தைத் தட்டும்போது படம் துள்ளுகிறதோ, அங்கே மின்வாசலில் தொடங்கி ஒவ்வொரு காலாகச் சால்டரைப் புதுப்பியுங்கள்.